மே மாசம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போறீங்களா? பூவை நிதானமா பாக்குறதுக்கு ஒரு வழி

மே மாசம் பிறந்தாலே பாதி தமிழ்நாடு ஊட்டிக்கு வண்டி ஏறிடுது, ஏறுறவங்கள்ல முக்கால்வாசி பேர் அரசு தாவரவியல் பூங்காவுக்குள்ள ஒரு தடவையாவது போயிடுறாங்க. ஆனா உள்ள போனவுடனே பூவால கட்டி வச்சிருக்கிற பெரிய உருவம் முன்னாடி கூட்டத்தோட கூட்டமா நின்னு நாலு போட்டோ, அப்புறம் புல்வெளியில உக்காந்து கொஞ்ச நேரம், அப்புறம் வாசல்ல சூடா மிளகாய் பஜ்ஜி, அவ்ளோதான், கிளம்பிடுறாங்க. அந்த உருவங்கள் எல்லாம் வெட்டிக் கொண்டு வந்த கார்னேஷன், ரோஜா, செவ்வந்தி வச்சு செய்றது, பாக்க நல்லாதான் இருக்கும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த கார்டன்ல வேலை பாக்குறவங்க ஆறு மாசம் வளத்து எடுத்தது தொட்டியிலயும் பாத்தியிலயும் வேரோட நிக்கிற பூ. அதைத்தான் பாக்கணும். அதுக்குத்தான் இது, எப்ப போறது, எந்த பக்கம் முதல்ல நடக்குறது, எந்த பூவுல என்ன கவனிக்கிறது, வீட்டுக்கு எதை கொண்டு வரலாம் எதை கொண்டு வந்தா காசு வீண்னு எனக்கு தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன்.

முதல்ல எப்ப போறதுன்னு பாத்துருவோம். ஊட்டில ரெண்டு சீசன். ஏப்ரல் மே முதல் சீசன், செப்டம்பர் அக்டோபர் ரெண்டாவது சீசன். ரெண்டுலயும் பூ இருக்கும், ஆனா வகையும் எண்ணிக்கையும் மே மாசம்தான் அதிகம், ஏன்னா மலர் கண்காட்சி அப்பதான் நடக்கும். அந்த கண்காட்சி 1896ல ஆரம்பிச்சது, 2025ல நடந்தது 127வது. கண்காட்சி நடக்குற நாட்கள்ல, அதுவும் சனி ஞாயிறு, உள்ள நடக்கவே இடம் இருக்காது, பூவுக்கு பதிலா முன்னாடி போறவர் தலைதான் தெரியும். அதனால கண்காட்சி ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியோ இல்ல முடிஞ்ச அடுத்த வாரத்துலயோ, வார நாள்ல போங்க. தொட்டி எல்லாம் கண்காட்சி முடிஞ்ச அன்னைக்கே தூக்கிட மாட்டாங்க, மாசக் கடைசி வரைக்கும் நிதானமா பாக்கலாம். சொந்த வண்டில போறதா இருந்தா இ-பாஸ் வேணும், சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து இது நடைமுறையில இருக்கு, 2025 சீசன்ல வார நாள் 6000 வண்டி, வார இறுதி 8000 வண்டின்னு கட்டுப்பாடே போட்டாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வருஷ நிலவரம் என்னன்னு பாத்துக்கோங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கவர்மென்ட் பஸ்லயோ மலை ரயில்லயோ போனா இந்த தலைவலியே இல்ல.

கார்டன் காலையில 7 மணிக்கு திறந்துடுவாங்க. அந்த நேரத்துக்கே போயிடுங்கன்னு நான் கையை பிடிச்சு கெஞ்சாத குறையா எல்லார்கிட்டயும் சொல்லுவேன். சேரிங் கிராஸ்ல தங்கியிருந்தா நடந்தே போயிடலாம், ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஒன்பதரை மணி வரைக்கும் கூட்டம் கம்மி, வெயில் சாய்வா விழும், இதழ் மேல ஈரம் இருக்கும், தோட்டக்காரங்க தண்ணி விட்டுட்டு காஞ்ச பூவை கிள்ளிக்கிட்டு இருப்பாங்க, அவங்ககிட்ட மரியாதையா ஒரு வார்த்தை கேட்டா செடி பேர்ல இருந்து உரம் வரைக்கும் சொல்லுவாங்க. மதியத்துக்கு மேல மே மாசத்துல கோடை மழை எப்ப வேணா இறங்கும், மஞ்சும் வந்து மூடும், அதனால குடை இல்லன்னா ரெயின்கோட் கண்டிப்பா வச்சுக்கோங்க. கீழ நாப்பது டிகிரி அடிக்குதேன்னு ஸ்வெட்டர் இல்லாம வந்துடாதீங்க. செருப்பை விட ஷூ நல்லது, சரிவுல ஏறி இறங்கணும், புல்லு ஈரமா இருந்தா வழுக்கும். நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை இருக்கு, வீட்ல இருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க.

இந்த பூ எல்லாம் மே மாசத்துல எப்படி ஒரே நேரத்துல பூக்குதுன்னு தெரிஞ்சா பாக்குறதுல ஒரு தனி மதிப்பு வந்துடும். இதுல பெரும்பாலானது ஒரு வருஷச் செடி, விதை போட்டு நாத்து எடுத்து தொட்டிக்கு மாத்தி பூக்க வைக்கணும். வகைக்கு வகை நாள் மாறும், சிலதுக்கு ரெண்டரை மாசம், சிலதுக்கு அஞ்சு மாசத்துக்கு மேல. அதனால நவம்பர் டிசம்பர்லயே நர்சரில வேலை ஆரம்பிச்சு, ஒவ்வொன்னுக்கும் பின்னாடி இருந்து நாள் எண்ணி விதைக்கிறாங்க. நடுவுல டிசம்பர் ஜனவரி உறைபனி. ராத்திரி புல்வெளி வெள்ளையாகுற அளவுக்கு குளிர் இறங்கும், இளம் நாத்து மேல அந்த பனி விழுந்தா மறுநாள் வெயில் பட்டவுடனே கருகிடும். அதுக்காக கோத்தகிரி மிலார்னு ஒரு செடி இருக்கு, அதோட கிளைகளை வெட்டிட்டு வந்து பாத்தி மேல நாத்து மேல எல்லாம் கூடாரமா சாத்தி வைப்பாங்க, விடியக்காலையில ஸ்பிரிங்க்ளர் போட்டு தண்ணி அடிச்சு பனியை கரைப்பாங்க. அந்த குளிர்ல காலங்காத்தால வந்து அந்த வேலையை செய்றவங்களாலதான் மே மாசம் நமக்கு பூ. ஒரு தொட்டியை தாண்டி போகும்போது இதை கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

சரி, உள்ள போயாச்சு. கார்டன் 55 ஏக்கர், தொட்டபெட்டா சரிவுல அடுக்கடுக்கா மேல ஏறும், கீழ இருந்து உச்சி வரைக்கும் ஒரே மூச்சுல பாக்கணும்னு நினைக்காதீங்க. நேரா தொட்டி அடுக்கி வச்சிருக்கிற காட்சி மாடத்துக்கு போங்க. கூட்டம் சேரச் சேர அங்கதான் முதல்ல நெருக்கடி ஆகும், அதனால அதை முதல்ல முடிச்சுட்டா மத்ததெல்லாம் நிதானமா பாக்கலாம். படிப்படியா ஆயிரக்கணக்கான தொட்டி, சால்வியா, பேன்சி, பெட்டூனியா, டேலியா, மேரிகோல்டு, பிகோனியா, சினரேரியா, ஆஸ்டர், ஜெரேனியம், டெல்பினியம், லில்லியம்னு போய்க்கிட்டே இருக்கும். முதல் தடவை மொத்தமா ஒரு சுத்து நடந்துடுங்க, எதையும் நிறுத்தி பாக்காதீங்க, கண்ணு அந்த கலருக்கு பழகட்டும். ரெண்டாவது சுத்துல அஞ்சாறு பூவை மட்டும் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்னுக்கும் ரெண்டு நிமிஷம் குடுங்க. எதுல ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்.

பேன்சி. எல்லாரும் மூஞ்சி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. குனிஞ்சு பாருங்க, அஞ்சு இதழ் இருக்கும், மேல ரெண்டு, பக்கத்துக்கு ஒன்னா ரெண்டு, கீழ ஒன்னு. நடுவுல இருந்து மெல்லிசா கருப்பு கோடு கிளம்பி வெளிய ஓடும், அது பூச்சிக்கு வழி காட்டுற கோடு, எல்லாம் நடுவுல இருக்கிற ஓட்டையை நோக்கித்தான் போகும். பூவோட பின்பக்கம் பாத்தா கீழ் இதழ்ல இருந்து குட்டியா ஒரு வால் நீட்டிக்கிட்டு இருக்கும், தேன் அதுக்குள்ளதான்.

அடுத்தது ஆன்டிரைனம், பசங்களை கூட்டிட்டு போனா இதை கண்டிப்பா தேடுங்க. நெட்டையான தண்டுல கீழ இருந்து மேல பூத்துக்கிட்டே போகும், ஒவ்வொரு பூவும் வாயை இறுக்கி மூடி வச்சிருக்கும். லேசான பூச்சி வந்து உக்காந்தா அந்த வாய் திறக்காது, கனமான வண்டு வந்து கீழ் உதட்டுல கால் ஊனி தள்ளினாத்தான் திறக்கும். தொடாம சும்மா அஞ்சு நிமிஷம் அந்த பாத்தி பக்கத்துல நின்னா வண்டு உள்ள போறதும் பின்னாடியே வாய் மூடிக்கிறதும் கண்ணால பாக்கலாம்.

பிகோனியாவுல, அதுவும் கிழங்கு வகை பிகோனியாவுல, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. ரோஜா அளவுக்கு பெருசா இதழ் மேல இதழா அடுக்கி ஒரு பூ நடுவுல இருக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் சின்னதா, ஒத்தை அடுக்கு இதழோட, யாரும் கண்டுக்காத பூ இருக்கும். நடுவுல இருக்கிற பெரிய பூ ஆண் பூ, பக்கத்துல இருக்கிற சின்னது பெண் பூ. நம்பிக்கை இல்லன்னா அந்த சின்ன பூவை பின்பக்கமா பாருங்க, இதழுக்கு அடியில மூணு றெக்கை வச்ச பச்சையோ சிவப்போ ஒரு உறுப்பு இருக்கும், அதுதான் சூலகம், விதை அதுலதான் உருவாகும். பெரிய பூவுக்கு பின்னாடி அது இருக்காது, வெறும் காம்புதான். ஒரே செடில ஆணும் பெண்ணும் தனித்தனி பூவா இருக்கிறது நம்ம பூசணி, பாகல்லயும் இருக்கிறதுதான், ஆனா இவ்ளோ தெளிவா பக்கத்து பக்கத்துல காட்டுற அலங்காரச் செடி குறைவு.

ஹைட்ரேஞ்சியா. ஊட்டில ரோட்டோரத்துல, பழைய பங்களா வாசல்ல, எஸ்டேட் ஆபீஸ் முன்னாடின்னு எங்க பாத்தாலும் உருண்டை உருண்டையா நிக்கும். கார்டன்ல இதை பாக்கும்போது கலரை கவனிங்க. ஒரே வகை செடி ஒரு இடத்துல நீலமா இருக்கும், இன்னொரு இடத்துல ரோஸ் கலர்ல இருக்கும், சில சமயம் ஒரே செடில ரெண்டும் கலந்து ஊதாவா நிக்கும். காரணம் மண்ணு. மண்ணுல அமிலத்தன்மை அதிகமா இருந்தா அதுல இருக்கிற அலுமினியத்தை வேர் எடுத்துக்கும், பூ நீலமாகும், சுண்ணாம்பு போட்டு அமிலத்தை குறைச்சா அலுமினியம் கிடைக்காது, ரோஸ் ஆகிடும். நீலகிரி மண்ணு இயற்கையாவே அமிலம், தேயிலை அங்க நல்லா வர்றதுக்கும் அதுதான் காரணம், அதனாலதான் தரையில நட்ட ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் நீலமா இருக்கு. வெள்ளை வகைக்கு மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. இன்னொன்னு, நாம இதழ்னு நினைக்கிறது இதழே இல்ல, புல்லி, அதாவது மொட்டை வெளிய மூடியிருக்கிற அடுக்கு. நடுவுல குண்டூசி தலை அளவுக்கு இருக்கிறதுதான் நிஜ பூ. புல்லிங்கிறதாலதான் சீக்கிரம் உதிராம வாரக்கணக்குல நிக்குது.

டேலியாவுல அடுக்கை பாருங்க, நடுவுல இருந்து வெளிய வர வர எப்படி சுத்தி சுத்தி வருதுன்னு. நாம ஒரு இதழ்னு நினைக்கிற ஒவ்வொன்னும் தனித்தனி குட்டிப் பூ, மொத்தமும் ஒரு கூட்டம். சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்க சாமந்தி எல்லாம் இதே குடும்பம்தான். கசானியாவோ கலிபோர்னியா பாப்பியோ கண்ணுல பட்டா அது எந்த நேரம்னு பாத்துக்கோங்க, வெயில் வந்தாத்தான் விரியும், மேகம் மூடினா சுருட்டிக்கும், அதனால அதுக்கு மட்டும் பத்து மணிக்கு மேல திரும்ப வாங்க.

தொட்டியெல்லாம் முடிஞ்சதும் மேல ஏறுங்க, நிறைய பேர் இந்த இடத்துலதான் திரும்பிடுறாங்க. இத்தாலியன் கார்டன்னு ஒரு பகுதி, இத்தாலி போர்க்கைதிகள் போட்டதுன்னு சொல்லுவாங்க, அளவெடுத்து வெட்டின பாத்திகள், கட்டம் கட்டமா ஒழுங்கு. அதோட செடியையே கத்தரிச்சு கத்தரிச்சு கம்பளம் மாதிரி தரையில டிசைன் போட்டிருக்கிறதும் பாருங்க, அங்க பூ இல்ல, கலர் எல்லாம் இலையிலயே வருது, வாரா வாரம் கத்தரி படலன்னா கலைஞ்சு போயிடும். பெரணி வீடு ஒன்னு இருக்கு, வெளிய வெயில் ஏறுனதுக்கு அப்புறம் உள்ள போங்க, இலையை திருப்பாம கொஞ்சம் குனிஞ்சு அடிப்பக்கம் பாத்தா வரிசையா பழுப்பு புள்ளி தெரியும், பெரணிக்கு பூ கிடையாது, அந்த புள்ளிதான் அதோட அடுத்த தலைமுறை. கல்லாகிப் போன மரத்துண்டு ஒன்னு வச்சிருக்காங்க, 2 கோடி வருஷ பழசுன்னு சொல்றாங்க. குரங்கு ஏற முடியாத மரம்னு கூட்டமா நின்னு பாக்குற மரம், பட்டை தாள் தாளா உரியுற மரம், ரெண்டையும் விட்டுடாதீங்க.

இந்த மரமெல்லாம் இங்க எப்படி வந்துச்சுன்னா, முதல்ல இங்க இருந்த வெள்ளைக்காரங்க சந்தா போட்டு இங்கிலீஷ் காய்கறி வளக்க ஆரம்பிச்ச இடம்தான் இது. அப்புறம் 1848ல லண்டன் கியூ தோட்டத்துல வேலை பாத்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர்ங்கிறவர் வந்து, சரிவும் சதுப்புமா கிடந்த இடத்தை வருஷக்கணக்குல உழைச்சு கார்டன் ஆக்கினார். நீலகிரில சின்கோனா மரம், அதாவது மலேரியாவுக்கு கொயினா எடுக்குற மரம், வளத்ததுலயும் அவர் கைதான். அதுக்கெல்லாம் முன்னாடியே இந்த மலை தோடர்களோடது, கார்டனுக்கு மேல் பக்கம் அவங்க மந்து, அதாவது அவங்க குடியிருப்பு, இன்னைக்கும் இருக்கு. அங்க போனா அது ஒரு வேடிக்கை இடம் இல்ல, மனுஷங்க குடியிருக்கிற வீடு, கோயில் பக்கம் நெருங்காதீங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. போன் கேமராவுல சிவப்பு பூவும் மஞ்சள் பூவும் ஒரே திட்டா கரைஞ்சு போயிடும், இதழ் கோடே தெரியாது. ஸ்கிரீன்ல பூ மேல தொட்டு வெளிச்சத்தை கொஞ்சம் கீழ இழுத்துட்டு எடுங்க. நின்ன வாக்குல மேல இருந்து எடுக்காம பூ உயரத்துக்கு இறங்கி உக்காந்து எடுங்க. மேகம் மூடின நேரம் பூவுக்கு ரொம்ப நல்ல நேரம், நிழல் கடினமா விழாது. நல்ல படம் வேணும்னு பாத்திக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க, பூங்கா சாத்தினதுக்கு அப்புறம் அந்த மிதிபட்ட செடியை பிடுங்கிட்டு வேற தொட்டி கொண்டு வந்து வைக்கிறவங்க கஷ்டம் நமக்கு தெரியாது.

பறிக்காதீங்கன்னு போர்டு இருக்கும், அதுக்கு மேல ஒரு காரணமும் இருக்கு. ஊட்டில நிறைய இடத்துல ஊமத்தை இனத்துல ஒன்னு, வெள்ளையாவோ வெளிர் ஆரஞ்சாவோ பெரிய பூ தலைகீழா தொங்கும், சாயங்காலம் வாசனை தூக்கும். அது முழுக்க விஷம், இலை, பூ, விதை எல்லாம். ஃபாக்ஸ்குளோவ்னு மணி மணியா தொங்குற பூவும் அப்படித்தான், இதயத்தை பாதிக்கும். குழந்தைங்க கையில குடுத்து விளையாட விடாதீங்க, தொட்டா கை கழுவுங்க. அதே மாதிரி ரோட்டோரத்துல மஞ்சளா பூத்து நிக்கிற முள்ளுப்புதர், ஸ்காட்ச் புரூம், உன்னிச்செடி இதையெல்லாம் அழகா இருக்குன்னு குச்சி ஒடிச்சோ விதை எடுத்தோ கொண்டு போகாதீங்க. அலங்காரத்துக்குன்னு வெள்ளைக்காரங்க காலத்துல வந்த இந்த மாதிரி செடிங்கதான் நீலகிரியோட சொந்த புல்வெளியை மூடிக்கிட்டு இருக்கு, வனத்துறை வருஷா வருஷம் வெட்டி எடுத்தும் தீரல. நம்ம கையால இன்னொரு ஊருக்கு அது பரவக்கூடாது.

இப்ப வீட்டுக்கு எதை கொண்டு வர்றது. கார்டன் விற்பனை கவுன்ட்டர்லயும் வெளிய நர்சரிலயும் பூத்து குலுங்குற தொட்டியை பாத்தவுடனே கை பரபரக்கும். நீங்க இருக்கிறது மதுரை, திருச்சி, சென்னை, வேலூர்னா பேன்சி, சினரேரியா, ஃபியூஷியா, கிழங்கு பிகோனியா, கமேலியா இந்த அஞ்சையும் மறந்துடுங்க. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற வழியில பர்லியார் தாண்டி சூடு ஏற ஆரம்பிக்கும்போதே தலை தொங்கிடும், ஒரு வாரம் தாங்காது. ஹைட்ரேஞ்சியாவும் சமவெளில இழுத்துக்கிட்டு கிடக்கும், பூக்காது. அதுக்கு பதிலா விதை வாங்குங்க, ஆனா வந்தவுடனே மே வெயில்ல போட்டு வீணாக்காதீங்க. பெட்டூனியா, டயான்தஸ், சால்வியா, ஃப்ளாக்ஸ், ஆன்டிரைனம் இதையெல்லாம் அக்டோபர்ல, மழை லேசா விடுற சமயம் பாத்து ட்ரேல போட்டா மார்கழி தைல நம்ம ஊர்லயே பூக்கும், சமவெளிக்கு அதுதான் இந்த பூவுக்கெல்லாம் சீசன். விதையை அதுவரைக்கும் காத்து போகாத டப்பாவுல போட்டு குளிர்ச்சியான இடத்துல வைங்க, பிரிட்ஜ் கதவு போதும். பெட்டூனியா விதை தூசி அளவுக்கு இருக்கும், மண்ணு போட்டு மூடிடாதீங்க, மேல தூவி ஸ்பிரே பண்ணினா போதும், வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். கோயம்புத்தூர்காரங்களுக்கு ஜெரேனியம் முயற்சி பண்ணலாம், அரை நிழல்ல வச்சு தண்ணி அளவா விட்டா நிக்கும்.

மே மாசமே வீட்ல கலர் வேணும்னா ஊட்டி செடிக்கு அலையாதீங்க, ஜினியா, காஸ்மோஸ், வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்யகல்யாணி, பத்து மணி பூ இதெல்லாம் நம்ம வெயிலுக்குன்னே இருக்கு. ஊட்டில அந்த டேலியா அடுக்கை பாத்த கண்ணோட வீட்டு ஜினியாவை பாருங்க, அதுவும் அதே குடும்பம், அதே அடுக்கு.

நேரமும் காலும் மிச்சம் இருந்தா அன்னைக்கு மதியம் ரோஸ் கார்டன் போகலாம், நூறாவது மலர் கண்காட்சி நினைவா 1995ல ஆரம்பிச்சது, உலக ரோஜா சங்கங்களோட கூட்டமைப்பு 2006ல விருது குடுத்த இடம், ஆனா நல்ல மழை பெஞ்ச மறுநாள் போனா இதழெல்லாம் அடிபட்டு கிடக்கும், ஒரு நாள் விட்டு போங்க. கூட்டமே ஆகாதுங்கிறவங்க குன்னூர் சிம்ஸ் பூங்கா போங்க, 1874ல போட்டது, மே மாசம் பழக் கண்காட்சி நடக்குற நாளை மட்டும் தவிர்த்துட்டா அங்க பெரிய பெரிய மரத்தடியில அமைதியா நடக்கலாம். ஊட்டியை விட உயரம் கம்மி, அதனால குளிர் தாங்காத பெரியவங்களை கூட்டிட்டு போறதுக்கு அதுதான் வசதி, ஆனா வாசல்ல இருந்து கீழ நோக்கி இறங்குற பூங்கா, திரும்ப ஏறணும்ங்கிறதை மனசுல வச்சு பாதிலயே திரும்பிடுங்க.